ராக், மெட்டல் இசையின் பேஸ் கிட்டார் கலைஞர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: ராக், மெட்டல் பாடல்களில் பேஸ் கிட்டார் என் காதில் விழுவதே இல்லை. அது என்னதான் செய்கிறது?

பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளும் சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளைவிட ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிப்பவை. வழக்கமான டியூனிங்கில் அதன் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. கைப்பேசியில் இருக்கும் சின்னஞ்சிறு ஸ்பீக்கரால் அந்த அதிர்வை எழுப்பவே முடியாது. ஆகவே பேருந்தில் கைப்பேசியை வெளியே வைத்துப் பாட்டுக் கேட்பவருக்குப் பேஸ் கேட்கவில்லை என்றால் அது காதின் குறை அல்ல. மெட்டலில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) ஏற்றப்பட்ட இரண்டு கிட்டார்கள் நடு ஸ்தாயியை முழுவதும் நிரப்பிவிடுகின்றன. பேஸ் கலைஞரும் கிட்டார் கலைஞர்கள் வாசிக்கும் அதே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடரை) வாசித்தால் அவருடைய ஒலி கிட்டார் ஒலிக்குள் கரைந்துபோகிறது. அப்போதும் பாடலின் கனம் அவரிடமிருந்தே வருகிறது. டிரம்ஸின் கால் மிதியும் பேஸின் சுரமும் ஒரே கணத்தில் விழும்போது நெஞ்சில் ஓர் அழுத்தம் உணரப்படுகிறதே, அதற்குக் காரணம் அவரே.

கேள்வி: காதை எப்படிப் பழக்குவது?

நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை அணிந்து, டிரம்ஸின் கால் மிதியை மட்டும் சில நிமிடங்கள் பின்தொடருங்கள். அதனோடு ஒட்டியபடி நடந்துவரும் தாழ்ந்த குரல் தானாகவே பிரிந்து தெரியும். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகவே கைகூடும் என்பது என் அனுபவம். பாடுபவரின் மெட்டுக்கு இணையாகத் தனக்கென ஒரு மெட்டை வைத்துக்கொண்டு பேஸ் நடக்கும் என்பதை அந்தக் காதுகள் முன்பே அறிந்திருக்கின்றன.

கேள்வி: பிடித்த பேஸ் கலைஞரை எந்த அளவுகோலால் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

ஒரே அளவுகோல்தான். அந்தப் பாடலிலிருந்து அவருடைய வாசிப்பை மனத்துக்குள் நீக்கிப் பார்க்கிறேன். நீக்கிய பிறகும் பாடல் ஏறக்குறைய அப்படியே நின்றால் அவர் நல்ல வாத்தியக்காரராக இருக்கலாம், என் பட்டியலில் இடம்பெற மாட்டார். பாடல் சரிந்துவிழுந்தால் இடம்பெறுவார். வேகம், விரல் லாவகம், கம்பிகளின் எண்ணிக்கை எல்லாம் இதற்குப் பிறகுதான். இந்த அளவுகோலின்படி, ஏசி/டிசி குழுவில் 1977-இல் சேர்ந்து, பெரும்பாலும் ஒரே சுரத்தைச் சீராக அடித்துக்கொண்டிருந்த கிளிஃப் வில்லியம்ஸும் என் பட்டியலில் உறுதியாக இருக்கிறார். கடிகாரம்போல ஓடும் அந்த ஒற்றைச் சுரத்தை எடுத்துவிட்டால் கிட்டார்கள் இடையில் விடும் மௌனங்களுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

கேள்வி: பேஸை முன்னால் கொண்டுவந்தவர் யார்?

பலர் சேர்ந்து செய்த வேலை அது. லியோ ஃபெண்டர் 1951-இல் கலிஃபோர்னியாவில் பிரசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிச் சுமந்தவர்களின் தோள்கள் தப்பின. ஆனால் அந்த வாத்தியத்துக்குப் பேசும் உரிமையை வாங்கித் தந்தவர்கள் பின்னால் வந்த பிரிட்டன் இளைஞர்கள். த ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் 1965-இல் வெளியான 'மை ஜெனரேஷன்' பாட்டில், கிட்டார் சோலோ (தனி வாசிப்பு) வரவேண்டிய இடத்தில் தன் பேஸை வைத்தார். கிட்டாரும் டிரம்ஸும் ஒரு கேள்வியை எறிவதுபோல நிறுத்த, பேஸ் தனியே பதில் சொல்லும் அந்தச் சில நொடிகளை ராக் இசையின் முதல் பேஸ் சோலோக்களுள் ஒன்றாகக் கொள்கிறார்கள். அடுத்த ஆண்டு அவர் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தாரோடு சேர்ந்து, உருண்டைக் கம்பி சுற்றிய பேஸ் கம்பிகளைச் செம்மைப்படுத்தினார். பியானோவைப் போலக் கணீரென்று ஒலிக்கும் அந்தக் கம்பிகள் இல்லாமல் பிற்காலத்து ராக் பேஸின் ஒலியை நினைத்துப் பார்க்க முடியாது. கிரீம் குழுவின் ஜாக் புரூஸ் செல்லோ பயின்றவர். எரிக் கிளாப்டனின் கிட்டாரோடு சரிக்குச் சரியாகப் பேசும் துணிவு அவருக்கு இருந்தது. அவரைப் பார்த்துத்தான் அடுத்துச் சொல்லப்போகும் மனிதர் பேஸைக் கையில் எடுத்தார்.

கேள்வி: கீசர் பட்லரை மெட்டல் பேஸின் முதல்வர் என்று ஏன் சொல்கிறார்கள்?

பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில் 1949-இல் பிறந்த கீசர் பட்லர் முதலில் ரிதம் கிட்டார் (பாடலின் அடித்தளமாகத் தொடர்ந்து ஒலிக்கும் கிட்டார்) வாசித்தவர். பிறகு அவர் பேஸ் வாசித்த பிளாக் சபாத் குழுவில் ரிதம் கிட்டார் என்று தனியே ஒருவர் இல்லை. குழுவின் ஒரே கிட்டார் கலைஞர் டோனி அயோமி சோலோ வாசிக்கத் தொடங்கினால் கீழே நிலம் இல்லாமல் போய்விடும் நிலை. அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்காகப் பட்லர் அயோமியின் ரிஃபையே எடுத்து வாசித்தார். அயோமி கம்பியை இழுத்து வளைத்தால் இவரும் தன் தடித்த கம்பியை இழுத்து வளைத்தார். இரண்டு வாத்தியங்களும் ஒரே நேரத்தில் சற்றே வெவ்வேறு அளவில் வளைவதால் எழும் அந்த உறுமலைத்தான் பிற்பாடு உலகம் முழுவதும் 'கனமான' இசை என்று அழைத்தார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு விபத்தும் இருக்கிறது. அயோமி பதினேழு வயதில் உலோகத் தகடு ஆலையில் வேலை செய்தபோது, வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றின் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே அவை. தானே செய்துகொண்ட பிளாஸ்டிக் உறைகளை விரல்களில் மாட்டிக்கொண்டு வாசித்த அவர், 1971-இல் வெளியான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் பல பாடல்களில் கம்பிகளை மூன்று அரைச்சுரங்கள் தளர்த்தினார். பட்லரும் உடன் இறங்கினார். நொடிக்கு 41 முறை அதிர்ந்த கம்பி இப்போது ஏறத்தாழ 35 முறைதான் அதிர்ந்தது. மெட்டலின் இருண்ட நிறம் இப்படி ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து வந்தது என்பதை நினைக்காமல் என்னால் அந்த ஆல்பத்தைக் கேட்க முடிவதில்லை.

பட்லரின் குணம் முழுவதும் தெரிய வேண்டுமானால், 1970-இல் வந்த முதல் ஆல்பத்தின் 'என்.ஐ.பி.' பாடலைக் கேளுங்கள். ஒலியை 'வா-வா' என்று விரித்துச் சுருக்கும் வா-வா பெடலை மிதித்தபடி அவர் தனியே வாசிக்கும் முன்னுரை, யாரோ தூக்கத்தில் முனகுவதைப் போலத் தொடங்கி, பிறகு அந்தப் புகழ்பெற்ற ரிஃபுக்குள் நழுவிச் செல்லும். குழுவின் பெரும்பாலான பாடல் வரிகளை எழுதியவரும் அவரே.

கேள்வி: லெமியைப் பேஸ் கலைஞர் என்று கொள்ளலாமா? அவர் கிட்டார்போல அல்லவா வாசித்தார்?

கிட்டார்போல வாசித்ததால்தான் அவர் பேஸ் கலைஞர்களில் தனித்து நிற்கிறார். ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் 1945-இல் பிறந்த லெமி கில்மிஸ்டர், ஹாக்விண்ட் குழுவில் சேரும்வரை கிட்டார் வாசித்தவர்; அந்தக் கையை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை. ரிக்கன்பேக்கர் பேஸில் பிக்கை (கம்பியை மீட்டும் சிறு வில்லையை) பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து கார்டுகளாக அடித்தார். மார்ஷல் ஆம்பில் (ஒலிபெருக்கியில்) தாழ்ந்த ஒலியைக் குறைத்து நடு ஒலியை உச்சத்துக்கு ஏற்றினார். 1975-இல் அவர் தொடங்கிய மோட்டார்ஹெட் குழுவின் பேஸ், ஒரு பழைய லாரி மேட்டில் ஏறும்போது எழுப்பும் இரைச்சலை ஒத்திருக்கும். 1980-இன் 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' தொடங்கும் முதல் நொடிகளில் நீங்கள் கேட்பது கிட்டார் அல்ல, அவருடைய பேஸ்தான். தன் இசை ராக் அண்ட் ரோல்தான், மெட்டல் இல்லை என்று அவர் கடைசிவரை வற்புறுத்திவந்தார். மைக்கைத் தலைக்கு மேலே வைத்து அண்ணாந்து பாடிய அந்த உருவம் 2015 டிசம்பர் 28 அன்று மறைந்தது.

கேள்வி: ஸ்டீவ் ஹாரிஸின் 'கேலப்' என்பது என்ன?

குதிரையின் நாலுகால் பாய்ச்சலைப் போன்ற தாளம் அது. சொற்கட்டில் சொல்வதானால் ஒவ்வொரு அடிக்கும் 'தா-தக' என்று வரும்: ஒரு நீண்ட சுரம், அதன் பின்னால் இரண்டு குறுகிய சுரங்கள். இதைக் கிட்டார் கலைஞர்கள் பிக்கால் எளிதாக அடிப்பார்கள். அயர்ன் மெய்டன் குழுவின் நிறுவனர் ஸ்டீவ் ஹாரிஸ் பிக் வைத்துக்கொள்வதில்லை; ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மட்டுமே அவருக்குக் கருவி. 'த ட்ரூப்பர்' பாடலின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 அடிகள். ஓர் அடிக்கு மூன்று சுரங்கள் என்று வைத்தால் நொடிக்கு எட்டுச் சுரங்கள் இரண்டே விரல்களிலிருந்து வர வேண்டும். விரல்கள் அடிக்கும் கம்பி அடியில் இருக்கும் ஃபிரெட்டுகளில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில்) மோதும்போது எழும் 'களக்' என்ற உலோகச் சத்தம் பதிவுகளில் தெளிவாகவே கேட்கும். அதை அவர் மறைக்க முயன்றதில்லை.

அந்தப் பாடல் 1854-இல் கிரிமியப் போரில் பிரிட்டிஷ் குதிரைப்படை பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து அழிந்த கதையைச் சொல்கிறது என்பதை அறிந்துகொண்டு மறுபடியும் கேட்டால், குதிரைகள் ஓடுவது எந்த வாத்தியத்தில் என்பது விளங்கும். கிட்டார்கள் மேலே கொடி பிடித்துச் செல்கின்றன, குளம்பொலி ஹாரிஸுடையது. லண்டனின் லேட்டன்ஸ்டோனில் 1956-இல் பிறந்த அவர், 1975-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அயர்ன் மெய்டனைத் தொடங்கி, அன்றிலிருந்து குழுவின் முதன்மைப் பாடலாசிரியராகவும் இருந்துவருகிறார். பேஸ் வாசிப்பவர் பின்வரிசையில் நிற்பவர் என்ற எண்ணத்தை அவரளவுக்கு உடைத்தவர் மெட்டலில் வேறு எவரும் இல்லை.

கேள்வி: உங்கள் முதல் விருப்பம் யார்?

கிளிஃப் பர்ட்டன். தயக்கமே இல்லை.

கலிஃபோர்னியாவின் காஸ்ட்ரோ வேலியில் 1962-இல் பிறந்தவர் அவர். அண்ணன் இளம் வயதில் இறந்த பிறகு, அண்ணனுக்காகவே சிறந்த பேஸ் கலைஞனாவேன் என்று அவர் உறுதிகொண்டதைப் பெற்றோர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். அவரை ஒரு மேடையில் கண்ட மெட்டாலிகா குழுவினர் தங்களோடு சேருமாறு கேட்டபோது, லாஸ் ஏஞ்சலிஸுக்கு வர மாட்டேன், வேண்டுமானால் நீங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் வாருங்கள் என்றார். ஒரு பேஸ் கலைஞருக்காகக் குழு முழுவதும் ஊர் மாறியது. 1983-இல் வெளியான முதல் ஆல்பத்தில் 'அனஸ்தீஷியா' என்ற தனி வாசிப்பு இருக்கிறது. 'பேஸ் சோலோ, டேக் ஒன்' என்று ஒலிப்பதிவாளர் அறிவிக்கும் குரலோடு தொடங்கும் அதில், மேற்கத்தியச் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் கட்டமைப்பைப் படித்த ஒரு மனமும் டிஸ்டார்ஷனில் மூழ்கிய ஒரு கையும் ஒன்றாக வேலை செய்கின்றன.

இவரைப் பற்றி நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1984-இன் 'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்' பாடலை முதன்முதலில் கேட்டு, மணியோசைக்குப் பின்னால் அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கிவரும் அந்த அலறலை நான் பல ஆண்டுகள் கிட்டார் என்றே நம்பியிருந்தேன். நண்பர் ஒருவர் வீட்டில் நல்ல ஸ்பீக்கரில் கேட்டபோதுதான் அந்த ஒலியின் அடியில் கிட்டாருக்கு வராத ஒரு தடிமன் இருப்பது புலப்பட்டது. டிஸ்டார்ஷனும் வா-வா பெடலும் சேர்த்துப் பேஸின் மேல் ஃபிரெட்டுகளில் பர்ட்டன் வாசித்தது அது. அன்றைக்கு அந்த முன்னுரையை மட்டும் எத்தனை முறை திருப்பித் திருப்பிப் போட்டோம் என்பதற்குக் கணக்கில்லை.

1986 செப்டம்பர் 27 அன்று சுவீடனில் குழு பயணம் செய்த பேருந்து கவிழ்ந்து அவர் இறந்தார். வயது 24. பேருந்தில் எந்தப் படுக்கை யாருக்கு என்று முந்தைய இரவு சீட்டு எடுத்ததில், குழுவின் கிட்டார் கலைஞர் கர்க் ஹாம்மெட்டின் படுக்கையை வென்றவர் பர்ட்டன். மூன்று ஆல்பங்களே அவருடைய மொத்தப் பதிவு. அவருக்குச் சேர வேண்டிய உரிமைத் தொகையை அவருடைய தந்தை காஸ்ட்ரோ வேலி உயர்நிலைப் பள்ளியின் இசை மாணவர்களுக்கான உதவித்தொகைக்குக் கொடுத்துவந்தார்.

கேள்வி: மெட்டாலிகாவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் பேஸே இல்லை என்கிறார்களே, உண்மையா?

வாசிக்கப்பட்டது, கேட்கவில்லை. பர்ட்டனின் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் அந்த 1988 ஆல்பம் முழுவதும் வாசித்திருக்கிறார். மிக்ஸிங்கில் (பதிவான ஒலிகளை அளவிட்டுக் கலக்கும் வேலையில்) பேஸ் ஏறக்குறைய இல்லாத அளவுக்குக் குறைக்கப்பட்டது. டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக் குறைக்கச் சொன்னார் என்று மிக்ஸிங் செய்த ஸ்டீவ் தாம்ப்சன் பேட்டியில் கூறியிருக்கிறார். நியூஸ்டெட் பெரும்பாலும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிதம் கிட்டாரையே ஒற்றி வாசித்ததால், கிட்டாரின் தாழ்ந்த ஒலி அவரை விழுங்கிவிட்டது என்பதும் ஒரு காரணம். நான் மேலே சொன்ன அளவுகோலுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது, ஏனென்றால் இங்கே நீக்கிப் பார்ப்பதற்கு நாம் கற்பனை செய்யவே வேண்டியதில்லை. மகத்தான பாடல்கள் நிறைந்த அந்த ஆல்பம் எலும்புபோல வறண்டு ஒலிக்கிறது. சிலருக்கு அந்த வறட்சியே பிடித்திருக்கிறது. அவர்களோடு நான் உடன்படவில்லை. ரசிகர்கள் பேஸை உயர்த்தித் தாங்களே மறு மிக்ஸ் செய்து 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஜேசன்' என்று பெயரிட்டுப் பரப்பினார்கள். அதிகாரபூர்வமான 2018 மறுவெளியீட்டிலோ பழைய மிக்ஸே அப்படியே விடப்பட்டது. பாப் ராக் என்பவர் தயாரித்த, மெட்டாலிகாவின் 1991 ஆல்பத்துக்கு வந்தால், அதே நியூஸ்டெட் எவ்வளவு உறுதியான வாத்தியக்காரர் என்பது முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: சிக்கலான தாளத்தை விரும்புபவருக்கு யாரைப் பரிந்துரைப்பீர்கள்?

கனடாவின் ரஷ் குழுவில் பாடிக்கொண்டே பேஸ் வாசித்து, கீபோர்டையும் பார்த்துக்கொண்டு, காலால் வேறு பெடல்களை மிதித்த கெடி லீயை. 1981-இன் 'ஒய்ஒய்இசட்' என்ற வாத்திய இசைக்கு டொராண்டோ விமான நிலையத்தின் குறியீடே பெயர். அந்த மூன்று எழுத்துகளின் மோர்ஸ் சங்கேதமே அதன் தொடக்கத் தாளம். நீண்ட ஒலிக்கு இரண்டு, குறுகிய ஒலிக்கு ஒன்று என்று எண்ணினால் முதல் எழுத்து ஏழு, இரண்டாவதும் ஏழு, மூன்றாவது ஆறு. ஆக இருபது மாத்திரை ஒரு சுற்று. கையில் தாளம் போட்டபடி கேட்பவருக்கு இந்த 7, 7, 6 கணக்கு பெரிய மகிழ்ச்சியைத் தரும். யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவையரையும் இதே மூச்சில் கேட்க வேண்டும். டூல் குழுவின் ஜஸ்டின் சான்சலர், டிரீம் தியேட்டரின் ஜான் மையங் ஆகியோர் அடுத்த தலைமுறை.

கேள்வி: மெட்டலின் மிகக் கடுமையான வகையான டெத் மெட்டலில் பேஸுக்கு இடம் உண்டா?

உண்டு, ஆனால் தேடிப் போக வேண்டும். டெத் குழுவின் 1993 ஆல்பமான 'இண்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்' இதற்குச் சரியான வாசல். அதில் ஸ்டீவ் டிஜார்ஜியோ வாசிப்பது ஃபிரெட் இல்லாத பேஸ். வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொண்டால் இது புரியும்: ஃபிரெட்டுகள் இல்லாததால் சுரம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்கிறது. இயந்திரத் துப்பாக்கிபோல அடிக்கும் டிரம்ஸுக்கு நடுவே, அந்த வழுக்கல் மனிதக் குரல்போலக் கேட்கும். அதே ஆண்டு சினிக் குழுவின் 'ஃபோக்கஸ்' ஆல்பத்தில் ஷான் மலோன் செய்ததும் இதற்கு ஈடானது. கேனிபல் கார்ப்ஸ் குழுவின் அலெக்ஸ் வெப்ஸ்டர் மூன்று விரல்களால் கிட்டாரின் வேகத்தை எட்டுபவர். அந்தக் குழுவின் பாடல் வரிகளின் கொடூரம் எனக்கு ஒவ்வாது, அவருடைய விரல்களை மட்டும் கேட்கிறேன்.

கேள்வி: பெண் கலைஞர்கள் இல்லையா?

இருக்கிறார்கள், பட்டியல்களில்தான் விடுபடுகிறார்கள். இங்கிலாந்தின் கொவென்ட்ரியைச் சேர்ந்த போல்ட் த்ரோவர் குழுவில் ஜோ பெஞ்ச் 1987-இல் சேர்ந்து, 2016-இல் குழு கலையும்வரை வாசித்தார். டெத் மெட்டலில் பெண்கள் அரிதாக இருந்த காலத்தில், தன்னைக் காட்சிப்பொருளாக்காமல் மேடையில் நின்று, டாங்கி உருள்வதைப் போன்ற அந்தக் குழுவின் தாழ்ந்த ஒலியைத் தாங்கியவர் அவர். ராக்கில் டெட்ராய்ட்டின் சூசி குவாட்ரோ, பிக்ஸீஸ் குழுவின் கிம் டீல் ஆகியோரும் உண்டு. கிம் டீலின் எளிய வரிகளை நீக்கிப் பார்த்தால் பிக்ஸீஸ் பாடல்களில் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ஃப்ளீ, பிரைமஸ் குழுவின் லெஸ் கிளேபூல் ஆகியோரை ஏன் சேர்க்கவில்லை?

இருவரும் பெரிய கலைஞர்கள். கட்டைவிரலால் கம்பியைத் தட்டும் ஸ்லாப் முறை ஃபங்க் இசையில் லாரி கிரஹாமிடமிருந்து வந்தது. இவர்கள் அதை ராக்குக்குள் கொண்டுவந்தார்கள். என் மனம் விரலால் மீட்டும் ஒலியில் ஊறிவிட்டது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. பர்ட்டன் இறந்த பிறகு மெட்டாலிகாவின் தேர்வுக்குக் கிளேபூலும் போனார், தேர்வாகவில்லை; அதனால் பிரைமஸ் என்ற குழு நமக்கு முழுதாகக் கிடைத்தது.

கேள்வி: ஒரே ஒரு பதிவைத்தான் கேட்க நேரமிருக்கிறது என்றால் எதைக் கேட்பது?

மெட்டாலிகாவின் 1986 ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'-இல் உள்ள 'ஒராயன்'. எட்டரை நிமிடம் நீளும், பாடல் வரிகள் இல்லாத இசை அது. பர்ட்டனின் இறுதி நிகழ்ச்சியில் ஒலித்ததும் அதுவே. ஹெட்ஃபோனில் கேளுங்கள். நான்காம் நிமிடத்தையொட்டி எல்லா இரைச்சலும் அடங்கி, பேஸ் மட்டும் தனியே, ஊஞ்சல் ஆடுவதைப் போன்ற தாளத்தில் ஒரு மெட்டைத் தொடங்கும். கிட்டார்கள் ஒவ்வொன்றாக வந்து அந்த மெட்டின் மேல் அமர்ந்துகொள்ளும். அப்போதும் உங்கள் கவனத்தைக் கிட்டார்களுக்குக் கொடுத்துவிடாமல், முதலில் தொடங்கிய அந்தக் குரலையே கடைசிவரை பிடித்துக்கொண்டு செல்லுங்கள்.